டிரைவரம்மா

அவர் கையிலிருந்து ஒரு டம்ளர் டீ வாங்குவது லேசான காரியம் இல்லை. நீட்டுவார், நாம் பிடிப்போம், அவர் விடமாட்டார். "புடிச்சீங்களா?" என்பார். தலையை ஆட்டினால் செல்லாது. "புடிச்சிட்டேன்" என்று வாயால் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் அந்தப் பக்கத்து விரல்கள் விலகும். சூடான டம்ளராக இருந்தால் இரண்டு பேர் விரலும் சேர்ந்து சுடும். அது அவருக்குப் பொருட்டே இல்லை.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், ஆலைகளில் ஓடும் இயந்திரங்களுக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி செய்கிற சின்னக் கம்பெனி ஒன்றில் நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தோம். அவருக்கு ஊர் கடம்பத்தூர். ஒரு ரயிலில் பேசின் பிரிட்ஜ் வரை வந்து, அங்கே இறங்கி, இன்னொரு ரயில் பிடித்து எங்களிடம் வருவார். வந்து சேரும்போது பாதி நாள் வேலை செய்த களைப்பு முகத்தில் இருக்கும். ஆனால் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க மாட்டார்.

டிரைவரம்மா என்கிற பெயர் கேன்டீனில் வந்தது. அவர் டிரைவர் எழுதுகிறவர். ஒயர் வழியாக வருகிற செய்தியை வாங்கி, பெட்டிக்குள் இருக்கிற கம்ப்யூட்டரின் மெமரியில் கொண்டுபோய் வைக்கிற பலகைக்கு நெட்வொர்க் கார்டு என்று பெயர். அப்படி வைத்ததை எடுத்து மற்ற புரோகிராம்களிடம் கொடுப்பது டிரைவர் என்கிற இன்னொரு புரோகிராம். கார்டு என் வேலை, டிரைவர் அவர் வேலை. புதிதாக வந்த கேன்டீன் மாஸ்டரிடம் யாரோ, "இவங்கதான் எங்க டிரைவரு" என்று சொல்லி வைத்திருந்தார்கள். மாஸ்டர் இட்லித் தட்டை நீட்டியபடியே கேட்டார்.

"இன்னா வண்டிம்மா ஓட்டுற? லாரியா?"

"வண்டி இல்லண்ணா. கார்டு ஓட்டுறேன்."

"கார்டை எப்டிம்மா ஓட்டுறது?"

"அதான் எனக்கும் புரியல. ஓட்டச் சொல்லி உக்கார வெச்சிக்கிறாங்க, ஓட்டிக்கினு இருக்கேன்."

மாஸ்டர் அதை நம்பினாரா இல்லையா என்று தெரியாது. அன்று முதல் அவர் எல்லோருக்கும் டிரைவரம்மா. பதிலுக்கு அவர் என்னைக் கார்டு என்று கூப்பிட ஆரம்பித்தார். "இன்னா கார்டு, நாஷ்டா ஆச்சா?" என்று ஹாலின் அந்தக் கோடியிலிருந்து குரல் வரும்.

யாரிடம் எதைச் சொன்னாலும், "நான் இப்ப இன்னா சொன்னேன், சொல்லுங்க" என்று திருப்பிக் கேட்பார். புதியவர்களுக்கு முகம் சுருங்கும். தங்களை மக்கு என்று நினைக்கிறாரோ என்று தோன்றும். ஒருமுறை எங்கள் கணக்குப் பிரிவில் இருந்த பெரியவர் கோபித்துக்கொண்டே எழுந்து போய்விட்டார். இவர் பின்னாலேயே போய், "ஐயா, உங்க மேல சந்தேகம் இல்ல. நான் சொன்னது சரியா வந்துச்சான்னு என் மேலதான் சந்தேகம்" என்றார். அவர் சொன்னது உண்மை என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் பெரியவர் கொஞ்ச காலம் பேசவில்லை.

அவரைப் பெண் பார்க்க அரக்கோணத்திலிருந்து வந்த கதையை அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். காபி கொடுத்தாகிவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா, "எங்க புள்ளைக்கு ரொம்பப் புடிச்சிருக்கு" என்றார். இவர் மாப்பிள்ளையைப் பார்த்து, "அது உங்கம்மா சொல்றாங்க. நீங்க சொல்லுங்க" என்றிருக்கிறார். வந்தவர்கள் உறைந்துபோனார்கள். பையன் அம்மாவைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். சம்பந்தம் அங்கேயே நின்றுவிட்டது. இவருடைய அம்மா பல நாள் இவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லையாம்.

"நான் கேட்டது தப்பா கார்டு?"

"தப்பில்ல. ஆனா அங்க கேட்டிருக்க வேணாம்."

"வேற எங்க கேக்குறது? தாலி கட்டின அப்புறமா?"

இப்படி ஒருவர் பக்கத்தில் இருப்பது பல நேரம் தொல்லைதான். நாம் ஒரு வேலையை முடித்துவிட்டு நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்திருக்கும்போது, "முடிஞ்சிருச்சின்னு சொன்னீங்களே, எங்க பாத்தீங்க முடிஞ்சதை?" என்று வந்து நிற்பார். நான் அனுப்பிவிட்டேன் என்பது அவருக்கு ஒரு செய்தியே இல்லை. அந்தப் பக்கம் வாங்கினார்களா என்பதுதான் செய்தி.

எங்கள் பெட்டிகளை வாங்கியவர்களில் பக்கத்திலேயே இருந்த ஒரு இரும்பு ஆலையும் உண்டு. அங்கே கூரைக்கு அடியில் தண்டவாளத்தில் ஓடுகிற பெரிய கிரேன். ஆபரேட்டர் கீழே நின்றபடி ஒயரில் தொங்குகிற ரிமோட்டை அழுத்தினால் கிரேன் நகரும், விட்டால் நிற்கும். அழுத்தினால் ஒரு செய்தி போகும், விட்டால் ஒரு செய்தி போகும். அந்தச் செய்திகளை வாங்குவது எங்கள் கார்டு. எடுத்துக் கொடுப்பது எங்கள் டிரைவர்.

ஒருநாள் காலையில் அந்தக் கிரேன் இரும்புக் கட்டைகளைத் தூக்கிக்கொண்டு, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் போய், ஓரமாக நின்ற ஒரு லாரியின் முன்பக்கத்தை நசுக்கிவிட்டது. லாரிக்காரர் டீ குடிக்கக் கீழே இறங்கியிருந்தார். அதனால் உயிர் தப்பியது. ஆபரேட்டர் ஓடிப்போய்ச் சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானைத் தட்டி மின்சாரத்தை நிறுத்தியதால் அதோடு நின்றது.

ஆபரேட்டர் பெயர் மோசஸ். கவரைப்பேட்டைக்காரர். அந்த ஆலை வந்த நாளிலிருந்து கிரேன் ஓட்டுகிறவர். "நான் கையை எடுத்துட்டேன், அது நிக்கல" என்றார். ஆலைக்காரர்கள் எங்கள் பெட்டி நடந்ததை வரிவரியாக எழுதி வைக்கிற லாகைப் பார்த்தார்கள். அழுத்தினார் என்று ஒரு வரி இருந்தது. அதற்குக் கீழே மறுபடியும் அழுத்தினார் என்று இன்னொரு வரி. பதற்றத்தில் விடுவதற்குப் பதிலாகத் திரும்ப அழுத்தியிருக்கிறார் என்று முடிவு செய்தார்கள். அவரை சஸ்பெண்ட் செய்தார்கள். காலையிலேயே குடித்துவிட்டு வந்திருப்பார் என்று யாரோ சொல்ல, சாயங்காலத்துக்குள் அதுதான் காரணம் என்று ஆகிவிட்டது. அந்த மனிதர் குடிக்கிறவர் இல்லை.

எங்களுக்கு ஆலையிலிருந்து வந்தது புகார்கூட இல்லை. தகவல்தான். உங்கள் பெட்டி சரியாக வேலை செய்திருக்கிறது, ஆபரேட்டர் தவறு, லாகின் நகலை அனுப்பவும் என்று கேட்டிருந்தார்கள். எல்லோரும் மூச்சு விட்டோம். நானும்தான்.

நகலை எடுத்தவர் டிரைவரம்மா. அதைத் திரையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"கார்டு, இங்க வாங்க. இது ரெண்டு வரியும் படிங்க."

"அழுத்தினார். அழுத்தினார்."

"ஒரு பட்டனை ரெண்டாந்தபா அழுத்தணும்னா மொதல்ல இன்னா பண்ணணும்?"

எனக்கு உடனே விளங்கவில்லை. அவர் மேசையில் இருந்த கால்குலேட்டரின் ஒரு பொத்தானை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"அழுத்திக்கினு இருக்கேன். இப்ப இன்னொரு தபா அழுத்தணும். வுடாம எப்டி அழுத்துறது?"

விரலை எடுத்தார். மறுபடியும் வைத்தார்.

"நடுவுல வுட்டாகணும் இல்ல. வுட்டாருன்னு ஒரு வரி இருக்கணுமே. அது எங்க போச்சி?"

அந்த இரண்டு வரியை ஆலையில் எத்தனையோ பேர் படித்திருந்தார்கள். நானும் படித்திருந்தேன். ஒருவருக்கும் அது உறைக்கவில்லை.

இது வெளியே வந்ததும் எங்கள் ஹாலில் வழக்கமான சண்டை தொடங்கியது. ஒரு செய்தி காணாமல் போனால் கார்டு தொலைத்திருக்கும் என்பது டிரைவர் பக்கத்தின் வாதம். கார்டு சரியாகத்தான் வைத்தது, டிரைவர் எடுக்கவில்லை என்பது எங்கள் பக்கத்தின் வாதம். டிரைவர் பக்கத்தில் இருந்த ஒருவர் என் முகத்துக்கு நேராகவே, "அந்தக் கார்டு டிசைன்ல எனக்கு எப்பவும் நம்பிக்கை இல்ல" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. டிரைவரம்மா நடுவில் வந்து நின்றார்.

"யாரு தப்புன்னு அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல இன்னா நடந்துச்சின்னு பாப்போம். ரெண்டையும் ஒண்ணாக் கேட்டா ரெண்டுத்துக்கும் பதில் கிடைக்காது."

பழைய ரிமோட் ஒன்றையும் ஆலையில் இருப்பது போன்ற பெட்டி ஒன்றையும் மேசையில் வைத்து இணைத்தோம். முதலில் எங்கள் வழக்கமான சோதனைகளை ஓட்டினோம். பெரிய பெரிய செய்திகளாக விடாமல் அனுப்பி, ஒன்றுகூடத் தவறாமல் வருகிறதா என்று பார்ப்பது. தவறவில்லை. பெட்டியை விற்பதற்கு முன்னால் நாங்கள் செய்த சோதனையும் அதுதான். டிரைவரம்மா தலையில் கை வைத்துக்கொண்டு யோசித்தார்.

"நம்ம அனுப்புறதெல்லாம் பெருசு. மோசஸ் அண்ணன் கையிலருந்து போறது சின்னது. அழுத்தினேன், வுட்டேன், அவ்ளோதான். அதையே அனுப்பிப் பாப்போம்."

ஒவ்வொரு செய்திக்கும் அடையாளமாக ஒரு எண் ஒட்டி, அழுத்தினேன், விட்டேன், அழுத்தினேன், விட்டேன் என்று சின்னச் செய்திகளை அனுப்ப ஒரு புரோகிராம் எழுதினார். தவறு கண்டால் தானே நின்றுவிடும்படி அது ஓடிக்கொண்டே இருந்தது. அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. மறுநாள் மதியச் சாப்பாடு முடிந்து வந்தபோது திரை நின்றிருந்தது. அழுத்தினேன் என்ற பழைய செய்தி, அதே பழைய எண்ணோடு, இரண்டாவது தடவையும் வந்திருந்தது. விட்டேன் என்ற செய்தி வந்து சேரவில்லை.

இனி பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. கார்டு அந்தப் புதுச் செய்தியை மெமரியில் வைத்ததா, இல்லையா. அதற்கு ஒரு கருவி எங்களிடம் இருந்தது. கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸரைத் தொடாமல், நேராக மெமரிக்குள் எட்டிப் பார்க்கிற கருவி. டிரைவரம்மா அதை மாட்டினார். அந்த இடத்தைத் திறந்தார். விட்டேன் என்ற செய்தி, சரியான எண்ணோடு, அங்கே உட்கார்ந்திருந்தது.

"கார்டு, உங்க வேலை சுத்தம்" என்றார்.

எனக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. அவர் முகம் மாறிக்கொண்டிருந்தது. தன்னுடைய புரோகிராமைத் திறந்து மேலும் கீழும் ஓட்டினார். ஒரு இடத்தில் நிறுத்தினார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளி, கையை மடியில் வைத்துக்கொண்டார்.

நடந்தது இதுதான். பிராசஸர் என்கிற அந்தச் சிப், தான் படிப்பதையெல்லாம் ஒரு நகல் எடுத்துத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும். மறுபடி தேவைப்பட்டால் அந்த நகலைப் பார்த்துக்கொள்ளும், மெமரி வரை போகாது. கார்டு புதுச் செய்தியை நேராக மெமரியில் கொண்டுபோய் வைத்துவிட்டு, வந்துவிட்டது என்று மட்டும் சொல்லும். உன் நகலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகப் போய்ப் பார் என்று பிராசஸரிடம் சொல்ல வேண்டியது டிரைவர். முன்பு நாங்கள் பயன்படுத்திய பிராசஸர் அதைத் தானாகவே செய்துகொண்டது. அது கடையில் கிடைக்காமல் போய், வேறொன்றுக்கு மாறியபோது, சொல்ல வேண்டிய கட்டாயம் வந்தது. டிரைவரம்மா சொல்லத்தான் சொல்லியிருந்தார், பெரிய செய்திகள் போகிற வழியில். சின்னச் செய்திகளுக்கு அவர் வெகு காலத்துக்கு முன்பே ஒரு குறுக்கு வழி எழுதி வைத்திருந்தார். வேகமாகப் போகட்டும் என்று. அந்த வழியில் அந்த ஒரு வரி இல்லை. அதனால் எப்போதாவது ஒருமுறை, பிராசஸரிடம் பழைய நகல் மிச்சம் இருக்கிற நேரத்தில், பழைய செய்தியே புதுச் செய்தியாகப் படிக்கப்பட்டது. மோசஸ் கையை எடுத்த கணம் அப்படி ஒரு கணமாக அமைந்துவிட்டது.

"என்னுது" என்றார் டிரைவரம்மா.

டிரைவர் பக்கத்து ஆள், "மேடம், சிப் மாத்துனதாலதான் வந்துச்சி. சிப் பிரச்சினைன்னு சொல்லலாம்" என்றார்.

"சிப்பு செஞ்சவன் ஒழுங்கா எழுதி வெச்சிக்கிறான் அதோட புஸ்தகத்துல. நான் படிச்சேன். பெருசுக்குப் போட்டேன், சின்னதுக்குப் போடல. இதுல சிப்பை இன்னாத்துக்கு இழுக்குறது."

அந்த வரியை எழுத அவருக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. எழுதி முடித்து, மறுபடி சின்னச் செய்திகளை ஓடவிட்டுவிட்டு, எங்கள் முதலாளி அறைக்குப் போனார். என்னையும் கூப்பிட்டார்.

முதலாளி கெட்டவர் இல்லை. கடன் வாங்கிக் கம்பெனி நடத்துகிற மனிதர். முழுவதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்ல வேலை செஞ்சிருக்கீங்க. புது வெர்ஷன்னு சொல்லி எல்லாப் பெட்டியிலயும் ஏத்திடுங்க. ஆபரேட்டர் விஷயம் அவங்க கம்பெனி விஷயம், நாம தலையிட வேணாம்" என்றார்.

"அவங்க கம்பெனி நம்ம லாகைத்தான சார் சாட்சியா வெச்சிக்கிச்சி. சாட்சி பொய்யி. அதை நம்மதான் போயி சொல்லணும்."

"சொன்னா லாரிக்கு யார் பொறுப்புன்னு கேப்பாங்க. நம்ம பெட்டியை எல்லா எடத்துலயும் கழட்டிடுவாங்க. இங்க இருக்கறவங்க எல்லாருக்கும் குடும்பம் இருக்கும்மா."

"அவருக்கும் இருக்கு சார்."

குரல் உயரவில்லை. அதற்கு மேல் வாதாடவும் இல்லை. அப்படியே நின்றார். முதலாளி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "ரெண்டு பேரும் சேந்து போங்க" என்றார் கடைசியில். "ஒருத்தரா போனா ஒருத்தர் மேல ஒருத்தர் பழி போட்டதா நெனைப்பாங்க."

முதலாளி பயந்தது கொஞ்சம் நடந்தது. அந்த ஆலை எங்களிடம் வாங்குவதை நிறுத்தியது. லாரிக்கும் நாங்கள்தான் பணம் கொடுத்தோம். மற்ற இடங்களில் பெட்டியைக் கழற்றவில்லை. அந்த வருடம் எங்கள் யாருக்கும் சம்பளம் கூடவில்லை. ஹாலில் சிலர் டிரைவரம்மாவோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டார்கள். அவர் அதைக் கவனித்தாலும் காட்டிக்கொள்ளவில்லை. பின்னால் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. அவரை நினைக்கும்போது என் கண் முன்னால் வருவது இதெல்லாம் இல்லை. நாங்கள் ஆலைக்குப் போன அந்த ஒரு நாள்.

ஆலை மேனேஜர் நாங்கள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். எழுதிக் கொடுங்கள் என்றார். கொடுத்தோம். "ஆபரேட்டருக்கு நாங்களே தெரிவிச்சிடுறோம்" என்றார். கேட்டுக்கு வெளியே வந்ததும் நான் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தேன். அவர் நின்றுவிட்டார்.

"தெரிவிக்கிறோம்னு சொன்னாங்க. எப்ப? இன்னான்னு சொல்லி?"

"அது அவங்க பொறுப்பு இல்லையா?"

"தப்பு என்னுது. சேதியை வேற யாரோவா கொண்டு போறது?"

காவலாளியிடம் விசாரித்து, ஷேர் ஆட்டோ பிடித்துக் கவரைப்பேட்டைக்குப் போனோம். மோசஸ் வீட்டில் இல்லை. தண்ணீர் கேன் போடுகிற வேனில் வேலைக்குப் போயிருந்தார். கடைத்தெருவிலேயே அந்த வேன் நின்றிருந்தது. தோளில் கேனோடு ஒருவர் கடையை விட்டு வெளியே வந்தார். ஐம்பதைத் தொடுகிற வயது, நல்ல உயரம். டிரைவரம்மா நேராகப் போய்த் தன்னை யாரென்று சொல்லிக்கொண்டார்.

"அண்ணா, அன்னிக்கு நீங்க கையை எடுத்துட்டீங்க. நீங்க வுட்ட சேதி வந்து சேந்துச்சி. என் புரோகிராம் அதைப் பாக்காம பழசையே எடுத்துக் குடுத்துச்சி. தப்பு என்னுது."

மோசஸ் கேனைக் கீழே இறக்கினார். முகத்தைத் தோள் துண்டால் துடைத்தார்.

"நான் கையை எடுத்தது எனக்குத் தெரியுமேம்மா. என் கைதான" என்றார். "தெரியாதவங்க நிறைய பேரு கீறாங்க. அவங்களாண்ட சொல்லு."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. டிரைவரம்மா, "யாராண்ட சொல்லணும், சொல்லுங்கண்ணா" என்றார்.

ஷிப்ட் மாறுகிற நேரத்துக்கு நாங்கள் மூன்று பேரும் மறுபடி ஆலைக்கு எதிரில் இருந்த டீக்கடையில் நின்றோம். குடித்துவிட்டு வந்தான் என்ற பேச்சு பரவிய இடம் அதுதான். ஆட்கள் வர வர, அவர் ஒவ்வொரு கூட்டத்திடமும் போய்ச் சொன்னார். மேடைப் பேச்செல்லாம் இல்லை. "அந்தக் கிரேன் பெட்டியில புரோகிராம் எழுதினது நான்தான். அன்னிக்கு அது நிக்காததுக்குக் காரணம் நான். மோசஸ் அண்ணன் சரியாத்தான் வுட்டாரு." சிலர் வியந்து பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள். ஒருவர், "இவங்களை எவ்ளோ குடுத்து இட்டாந்த மோசே?" என்று கேட்டார். டிரைவரம்மா அவர் பக்கம் திரும்பி, லாகில் அழுத்தினார் என்று இரண்டு வரி இருந்ததையும், நடுவில் விடாமல் மறுபடி அழுத்த முடியாது என்பதையும் சொன்னார். தன் டம்ளரின் விளிம்பை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். அந்த ஆள் யோசித்தார். "ஆமா, வுடாம எப்டி மறுக்கா அழுத்துவான்" என்று பக்கத்து ஆளிடம் சொன்னார். அதன் பிறகு அவரே வருகிறவர்களுக்கு விளக்க ஆரம்பித்துவிட்டார்.

மோசஸ் கொஞ்சம் தள்ளி, ரோட்டைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். சிலர் அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் தலையை மட்டும் அசைத்தார். ஆலையில் பிறகு அவரை மறுபடி எடுத்துக்கொண்டார்கள். சில மாதம் அதே கிரேனை ஓட்டிவிட்டு, துறைமுகத்துப் பக்கம் வேறு வேலைக்கு அவராகவே போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன்.

கூட்டம் கலைந்ததும் டிரைவரம்மா, "இன்னும் யாரு அண்ணா?" என்று கேட்டார்.

மோசஸ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஊட்டுக்கு வாங்க. ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போங்க" என்றார்.

சின்ன வீடு. ஓடு மாற்றி ஷீட் போட்டிருந்தார்கள். சுவரில் சிலுவைக்குக் கீழே மகளின் கல்யாணப் போட்டோ. அவருடைய மனைவி மெலிந்தவர், வேகமாக நடமாடுகிறவர். யாரென்று சொன்னதும் பாய் விரித்தார். சோறும் மீன் குழம்பும் போட்டார். டிரைவரம்மா தட்டைத் தொடாமல், முதலில் சொல்ல வேண்டியதைச் சொன்னார். காலையில் மோசஸிடம் சொன்ன அதே வார்த்தைகள். அந்த அம்மா கரண்டியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் டிரைவரம்மா பழக்கம் விடாமல், "நான் சொன்னது புரிஞ்சிதாக்கா?" என்றார்.

"புரியுதும்மா" என்றார் அவர். கரண்டியைக் குழம்புச் சட்டிக்குள் வைத்தார். கண் டிரைவரம்மாவைப் பார்க்கவில்லை. "அவரு வந்து சொன்னாரு, நான் கையை எடுத்துட்டேண்டின்னு. ஊரே வேற மாரி சொல்லிச்சி. எனக்கு எதை நம்புறதுன்னு தெரியல. அன்னிலருந்து தெனம் அவரு தூங்கின அப்புறம் கிட்ட போயி மோந்து பாப்பேன். வாயில எதுனா வாசனை வருதான்னு."

நான் மோசஸைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். அவர் வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்து, கணுக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்" என்றார். "முழிச்சிக்கினுதான் இருந்தேன்."

அந்த அம்மாவின் கை புடவைத் தலைப்புக்குப் போய் அப்படியே நின்றது. வெளியே ஒரு ரயில் கடந்து போனது. டிரைவரம்மா தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்தார், பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு குனிந்து ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். அந்த அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கேட்காமலே இன்னொரு கை சோறு வைத்தார்.